பைக்கால் 1,642, கெனிர் 145: எந்த ஆழத்தக் கேக்குறீங்க?

8.1.2024, கேள்வி
அண்ணே, குளிர் நாட்டு ஏரி ஆழம்னு ஒரு பட்டியல் பாத்தேன். ரசியாவுல இருக்குற பைக்கால் 1,642 மீட்டராம், நம்ம மலேசியாவுல டேம் கட்டித் தேக்குன கெனிர் வெறும் 145. ஆனா அங்க குளிர்காலத்துல எல்லாம் அடி வரைக்கும் உறைஞ்சு கட்டியாயிடுது, அப்ப அது தண்ணி ஆழம் இல்ல, ஐஸ் கட்டி உயரம். டேம் கட்டித் தேக்குன தண்ணிதான் உண்மையான ஆழம், மனுசன் அளந்து கட்டுனது. சரியா தப்பா?

8.1.2024, ராத்திரி
தப்பு தம்பி. ரெண்டுமே தப்பு. கட மூடி இப்பதான் வந்தேன், கையில கிரீஸ் இன்னும் போவல, அதனால சுருக்கமா சொல்றேன். ஏரி அடி வரைக்கும் உறையவே உறையாது. தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்பக் கனம், அதுக்கும் கீழ குளுந்தா லேசாயி மேல வந்துடும், மேலயே உறையும், ஐஸும் மெதக்கும், அடியில 4 டிகிரி தண்ணி பாட்டுக்குக் கெடக்கும். தே-ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) கிளாசப் பாரு, கட்டி எங்க நிக்குது? பைக்கால்ல ஐஸு ஒரு மீட்டரு, மிஞ்சிப் போனா ஒன்னரை. 1,642ல ஒன்னரை போனா என்ன கொறஞ்சிடப் போவுது.

டேம் விசயம் நாளைக்கு.

9.1.2024
நாளைக்குன்னேன், ஆனா காலையில கோப்பிக் கடையில பசியாறிக்கிட்டு இருக்கும்போது வேற ஒண்ணு மண்டையில ஏறிக்கிச்சு, அத மொதல்ல கொட்டிடுறேன். தம்பி சொன்ன ரெண்டு நம்பரும் அதிகபட்ச ஆழம், அதாவது ஏரியிலயே ரொம்பப் பள்ளமான ஒரே ஒரு எடம். அத வச்சு ஏரிய எட போட்டா, ஊருல ஒரு பணக்காரன் இருக்கான்னு ஊரையே பணக்கார ஊருன்னு சொல்ற மாதிரி. சராசரி ஆழம்னு ஒண்ணு இருக்கு, மொத்தத் தண்ணிய பரப்பளவால வகுத்தா வரும். பைக்காலுக்கு அது சுமார் 744 மீட்டரு. கெனிருக்கு 37.

இப்ப குளிர் ஊரு ஏரிங்களையே ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாருங்க, வேடிக்கையா இருக்கும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல இருக்குற சுப்பீரியர் 406 மீட்டரு, சராசரி 147. அங்க இருக்குற அஞ்சு பெரிய ஏரிக் கூட்டத்துலயே ஈரின்னு ஒண்ணு 64தான், சராசரி 19. கூடப் பொறந்த மாதிரி ஒரே வரிசையில கெடக்கு, ஒருத்தன் தாட்டியான ஆளு, ஒருத்தன் நோஞ்சான். அந்த அஞ்சு பெரிய ஏரித் தண்ணியையும் ஒண்ணாக் கொட்டினாலும் பைக்கால் தண்ணி அதவிடக் கொஞ்சம் கூடதான். பரப்புல பாத்தா அஞ்சும் சேந்து பைக்கால் மாதிரி ஏழு எட்டு மடங்கு. அம்புட்டும் ஆழத்துலதான் ஒளிஞ்சிருக்கு.

வட அமெரிக்காவுலயே ஆழம் எதுன்னா இந்த அஞ்சுல எதுவும் கெடையாது, கனடா வடக்குல கிரேட் ஸ்லேவ் ஏரி, 614 மீட்டரு. கோலாலம்பூர்ல இருக்குற மெர்டேக்கா 118 கட்டடத்த (678.9 மீட்டரு) அதுல எறக்குனா மேல கொம்பு மட்டும் அறுவத்தஞ்சு மீட்டரு நீட்டிக்கிட்டு இருக்கும். பைக்கால்ல எறக்குனா தேட வேண்டியதுதான். அதே ஊரு பெட்ரோனாஸ் ரெட்டக் கோபுரத்த மூணு தடவ ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனாலும் பத்தாது.

14.1.2024, போகி
வீட்டுல பழைய சாமான் ஒழிக்கிறப்ப ஒரு தங்சிச் (தூண்டில் நரம்பு) சுருளு கெடச்சுது, மஞ்சளாப் போயி, தொட்டா ஒடியுது. அதப் பாத்ததும் எங்க எஸ்டேட்டு குட்டை ஞாபகம் வந்துடுச்சு.

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டுல பொறந்தவன் நான், அப்பா பால் மரம் வெட்டுனாரு, அம்மா மருந்து தெளிச்சாங்க. லயத்துக்குப் பின்னால பால் மரக் காட்டத் தாண்டிப் போனா ஒரு பழைய ஈயலம்பம் (ஈயச் சுரங்கம்), தோண்டி முடிச்சுட்டுப் போயி தண்ணி நெறஞ்சு கெடந்த குட்டை. அதுக்கு அடியே கெடையாதுன்னு ஊரே சொல்லும். தண்டலு சொல்வாரு, ஆயா கொட்டகைக் கெழவி சொல்லும், வாத்தியாரு கூட சொன்னாரு. நான் பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு பையன் அதுல முங்கிட்டானாம், ரெண்டாம் நாளுதான் கெடச்சானாம், அதுலேர்ந்து அந்தப் பேச்சு. எங்க பாட்டி மட்டும் ஒத்துக்காது. "அடி இல்லாத குட்டையின்னா அவன் எங்கேர்ந்துடா மேல வந்தான்?"னு வெத்தலய மென்னுக்கிட்டே கேக்கும். அதுக்கு யாரும் பதில் சொல்லி நான் பாத்ததில்ல.

1978ல எனக்குப் பன்னண்டு வயசு. அண்ணனும் நானும் வாழ மரத்துல தெப்பம் கட்டி நடுக் குட்டைக்குப் போயி, பேக்டரியிலேர்ந்து எடுத்துட்டு வந்த பெரிய நட்டு ஒண்ண தங்சியில கட்டி விட்டோம். போவுது போவுது போய்க்கிட்டே இருக்கு, எனக்கு வவுத்தக் கலக்குது, அப்பறம் டக்குன்னு தொவண்டுச்சு. இழுத்து பாகம் போட்டு அளந்தா ஒம்போது பாகம். ஒரு பாகம் ஆறடின்னா அம்பத்து நாலு அடி, பதினாறரை மீட்டரு. அன்னிக்கு ராத்திரி லயத்துல அத சொன்னேன், யாரும் நம்பல. நட்டு எடுத்ததுக்கு அப்பாகிட்ட வாங்குன அடிதான் மிச்சம்.

17.1.2024
யாரோ கேட்டுருக்காங்க, "அண்ணே நீங்க உறஞ்ச ஏரிய நேர்ல பாத்ததுண்டா, இல்ல சும்மா அடிச்சு விடுறீங்களா?"

பாத்துருக்கேன் லா. மக கனடாவுல வின்னிப்பெக்ல இருக்கு, 2018 பிப்ரவரியில போயிருந்தேன். பேரப்புள்ள பொறந்துச்சுன்னு போனோம், ஆனா மருமவன் என்ன ரெண்டாவது வாரமே கிம்லிங்கிற ஊருக்கு மீன் புடிக்கக் கூட்டிட்டுப் போயிட்டாரு, அது வின்னிப்பெக் ஏரிக் கரையில இருக்கு. மைனஸ் இருவத்தெட்டு. மூக்கு உள்ள இருக்குற முடி கரகரங்குது, மூச்சு விட்டா மீசையில ஐஸ் புடிக்குது. ஏரி மேல லாரி போவுது, நான் காலு வைக்கவே யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன், அங்க ஒரு வெள்ளக்காரப் பாட்டி நாயப் புடிச்சுக்கிட்டு நடந்து போவுது.

மருமவன் ஒரு பெரிய திருகு ஊசி மாதிரி மிசின வச்சு ஐஸத் தொளச்சாரு. தொள போட்டு முடிச்சதும் கைய விட்டுப் பாத்தேன், தோளு வரைக்கும் போயும் ஐஸோட அடி தட்டுப்படல, கைய எடுத்ததும் சட்டக் கை வெறச்சு கட்ட மாதிரி ஆயிடுச்சு. தொளையில தண்ணி கருப்பா கெடக்கு, அதுல ஒரு சின்ன ஐஸுப் பொறுக்கு சுத்திக்கிட்டே இருக்கு. நான் தூண்டில் கயிற விட்டேன், நெறய ஓடும்னு நெனச்சு சுருள லூசா வச்சிருக்கேன், ஆறு மீட்டருல அடி தட்டிடுச்சு. ஆறு மீட்டரு! எதுக்கால கரையே தெரியாத ஏரி அது. பரப்பு 24,500 சதுர கிலோமீட்டரு, நம்ம பேராக் மாநிலம் மொத்தமே 21,000தான், பேராக்க அப்படியே தூக்கி உள்ள வச்சாலும் எடம் மிச்சம். அதுக்கு சராசரி ஆழம் 12 மீட்டரு. ரொம்பப் பள்ளமான எடமே 36.

எங்க ஈயக் குட்டை பதினாறரை. லயத்துல ஒரு பத்து வீடு அகலம் கூட இருக்காது. அன்னிக்கு அந்த ஐஸு மேல நின்னுக்கிட்டு இதத்தான் யோசிச்சேன், மீனு ஒண்ணும் மாட்டல.

18.1.2024
மேல 8ஆம் தேதி "அடி வரைக்கும் உறையவே உறையாது"ன்னு அடிச்சு சொன்னேன்ல, அது தப்பு. மக படிச்சுட்டு போன் போட்டுத் திட்டுச்சு. அலாஸ்கா வடக்குல தட்டு மாதிரி ஆயிரக்கணக்குல குட்டி ஏரிங்க இருக்கு, குளிர்காலத்துல ஐஸே ரெண்டு மீட்டரு வரைக்கும் தடிக்கும், ரெண்டு மீட்டருக்குக் கொறஞ்ச ஏரி அடி வரைக்கும் கட்டிதான், மீனு தங்காது. ஆக கேள்வி கேட்ட தம்பி கொஞ்சூண்டு சரி. கொஞ்சூண்டுதான்.

இதுல இன்னொண்ணு. ரொம்ப ஆழமா இருந்து, குளிரும் பைக்கால் அளவுக்குக் கடுமையா இல்லாட்டி மேலயும் உறையாது. ஸ்காட்லாந்துல லாக் நெஸ், 230 மீட்டரு, உறையிறதே இல்ல, அம்புட்டுத் தண்ணியும் வெயில் காலத்து சூட்ட சேத்து வச்சுக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமா விடுது. பெரிய குண்டான்ல வச்ச கஞ்சி சீக்கிரம் ஆறாதுல்ல, அந்தக் கததான். அதனால "குளிர் ஊரு, அதனால உறையும்"ங்கிற கணக்குக்கு முன்னாடி ஆழம் எம்புட்டுன்னு கேக்கணும்.

26.1.2024
நேத்து தைப்பூசம், காவடியோட நடந்து காலு வீங்கிக் கெடக்கு, உக்காந்த எடத்துல எழுதுறேன். டேம் பாக்கி இருந்துச்சுல்ல.

டேம் ஆழம் உண்மையான ஆழம்ங்கிறது எனக்கு ஒத்து வரல. டேம் ஏரியில ஆழம் வருசத்துக்கு வருசம், மாசத்துக்கு மாசம் ஏறி எறங்கும், கரண்டுக்குத் தண்ணி விட்டா எறங்கும், மழைக்கு ஏறும். செவுத்து உயரத்த ஆழம்னு சொல்லவும் முடியாது. கெனிர் அணை 155 மீட்டர் உயரம், ஆழம் 145. கனடாவுல பென்னட் அணை 183 மீட்டரு, அதுக்குப் பின்னால வில்லிஸ்டன் ஏரி 166. செவுரு எப்பவும் ஆழத்தவிட ஒசரமாத்தான் இருக்கணும், இல்லாட்டி தண்ணி வழிஞ்சிடும், இது கட்டட வேல செய்யிற யாரக் கேட்டாலும் சொல்வான்.

27.1.2024
இன்னொருத்தர் கேக்குறாரு: கனடாவுல கியூபெக் மாநிலத்துல மனிக்குவாகன் நீர்த்தேக்கம் ஆழம் 350 மீட்டரு, அதோட அணை 214 மீட்டருதான், அது எப்படி?

ஏதோ அச்சுப் பெசகு. 350 அடியா இருக்கும்.

28.1.2024
பெசகு இல்ல. பெசகு எங்கிட்டதான். நேத்து ராத்திரி தூக்கம் வராம படம் எடுத்துப் பாத்தேன், அசந்துட்டேன். அந்த ஏரி மோதிரம் மாதிரி வட்டமா இருக்கு, நடுவுல பெரிய தீவு. 21 கோடியே 40 லட்சம் வருசத்துக்கு முன்னாடி வானத்துலேர்ந்து கல்லு விழுந்து உண்டான பள்ளம் அது. அணை கட்டுறதுக்கு முன்னாடியே அந்தப் பள்ளத்துல பொற நெலா மாதிரி ரெண்டு ஏரி இருந்துருக்கு, ஆழமா. அணை கட்டித் தண்ணி ஏறுனதும் ரெண்டும் சேந்து மோதிரமாயிடுச்சு. ஆக 350ல அணை குடுத்தது கொஞ்சம், மிச்சம் அந்தக் கல்லும் பனியாறும் குடுத்தது. நான் நேத்து முந்தாநேத்து சொன்ன "செவுரு ஆழத்தவிட ஒசரமாத்தான் இருக்கணும்" சட்டம் காலி. ஏற்கெனவே ஏரி இருந்த எடத்துல அணை கட்டுனா சட்டம் செல்லாது.

(அணை 214 மீட்டரு, கல்லு விழுந்து 214 மில்லியன் வருசம். நாலு நம்பரு லாட்டரிக் கடைக்காரன் பாத்தா 0214ன்னு எழுதிடுவான்.)

அந்த அணைக்குப் பேரு டேனியல் ஜான்சன் அணை. கியூபெக் முதல்வரு அவரு. 1968 செப்டம்பர் 26, அணை வேல முடிஞ்ச விழாவுக்குன்னு போயி அங்கேயே தங்கியிருக்காரு, காலையில பாத்தா படுக்கையிலயே உசிரு போயிருக்கு. அடுத்த வருசம் அவரு பேர வச்சுட்டாங்க.

அட, சொல்ல மறந்துட்டேன். பைக்காலுக்கும் டேம் உண்டு. அதுலேர்ந்து வெளிய போற ஆறு ஒண்ணே ஒண்ணு, அங்காரா. அதுல இர்குட்ஸ்க்ல 1950கள்ல அணை கட்டுனதுல ஏரி மட்டம் சுமார் ஒரு மீட்டரு ஏறிடுச்சு. கணக்குப்படி பைக்காலும் ஒரு நீர்த்தேக்கம். தம்பி, 1,642ல ஒரு மீட்டரு மனுசன் கட்டுனது, அது மட்டும் உண்மையான ஆழம், மிச்சம் 1,641 பொய்யா?

4.2.2024
நேத்து மச்சானோட நம்ம பேராக்குல இருக்குற தெமெங்கோர் டேம் ஏரிக்குப் போயிருந்தேன், காலையில மூணு மணிக்குக் கெளம்பி கிரிக் தாண்டி பண்டிங் பாலத்துல எறங்கி சம்பான் படகு எடுத்தோம். தோமான் ரெண்டு, செபராவ் ஒண்ணு. ஆனா நான் மீனவிட மச்சான் வாங்கி மாட்டியிருந்த ஆழம் பாக்குற பொட்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். 38 மீட்டருன்னு காட்டுது. சம்பான் ரெண்டு மூணு பாகம் நகந்ததும் 11. அப்பறம் 40. மறுபடியும் 12. "மச்சான் பொட்டி கெட்டுப்போச்சு"ன்னேன். அவன் சிரிக்கிறான். அடியில காடு. வெட்டாம முக்குன மரமெல்லாம் இன்னும் நின்னுக்கிட்டே இருக்கு, பொட்டி விடுற சத்தம் மரத்துச்சி மேல பட்டுத் திரும்பி வந்தா அதுதான் தரைன்னு நெனச்சுக்குது. ஒரு எடத்துல மொட்டக் கெள ஒண்ணு தண்ணிக்கு மேல ஒரு சாண் நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுல நீர்க்காக்கா ஒண்ணு ரெக்கய விரிச்சுக் காய வச்சுக்கிட்டு இருந்துச்சு, பொட்டியில பாத்தா அந்த எடத்துல 36. மர உச்சியில உக்காந்துருக்கு அது, அதுக்குத் தெரியுமோ என்னமோ.

ஏரிக்கு அதிகபட்சம் 124ன்னு போட்டுருக்கான். நாங்க பாத்ததுல 71தான் கூட.

5.2.2024
அந்தப் பொட்டிய கனடாவுக்கு எடுத்துட்டுப் போனா ஆழத்தக் கொறச்சுக் காட்டும், குளுந்த தண்ணியில சத்தம் மெதுவாப் போவும்ல.

6.2.2024
மேல தலகீழா எழுதிட்டேன். சத்தம் மெதுவாப் போவுறது சரி: 30 டிகிரி நல்ல தண்ணியில நொடிக்கு 1,509 மீட்டரு, 4 டிகிரியில சுமார் 1,421. மெதுவாப் போனா திரும்பி வர நேரம் கூடும். பொட்டி 1,500ன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போட்டா, நேரம் கூடுதேன்னு ஆழத்த கூட்டித்தான் காட்டும். 100 மீட்டர் ஏரிய 105ன்னு சொல்லும். நம்ம ஊருல ஏறக்குறைய சரியாச் சொல்லும். குளிர் ஊருல அளக்குறவங்க மொதல்ல தண்ணி எம்புட்டு குளிருதுன்னு மட்டம் மட்டமா பாத்துட்டுத்தான் கணக்குல எறங்குவாங்க. தப்ப எடுத்துக் காட்டுனது பாலிடெக்னிக்ல படிக்கிற எங்க கடைப் பையன். சம்பளத்துல அஞ்சு வெள்ளி ஏத்தலாம்னு பாத்தேன், அப்பறம் வேணாம்னு விட்டுட்டேன்.

12.2.2024
சீனப் பெருநாளு, கட சாத்தியிருக்கு, தவுக்கே (சீன மொதலாளி) குடுத்த ஆரஞ்சு ஒரு பொட்டி உரிச்சு உரிச்சுத் தின்னுக்கிட்டு இத எழுதுறேன். பொட்டி இல்லாத காலத்துல எப்படி அளந்தாங்கன்னு கேட்டுருந்தாங்க.

கயிறுதான். ஈயந்தான். நாங்க பண்ணதேதான். அமெரிக்காவுல ஒரேகான்ல கிரேட்டர் லேக்னு ஒண்ணு, எரிமல உச்சி இடிஞ்சு விழுந்து சுமார் 7,700 வருசத்துக்கு முன்னாடி உண்டானது, பனி கொட்டுற ஊரு. 1886ல டட்டன்னு ஒருத்தர் தலைமையில ஆளுங்க போயி, கனமான படக செங்குத்துப் பாறையில கயிறு கட்டி எறக்கி, பியானோ கம்பியில ஈயக் கொழாயக் கட்டி 168 எடத்துல விட்டுப் பாத்தாங்க. கூடுன ஆழம் 1,996 அடி. 1959ல சத்தம் விட்டு அளந்தா 1,932. 2000த்துல நல்ல கருவி கொண்டாந்து ஏரி முழுக்க அளந்தா 1,949, நம்ம கணக்குல 594 மீட்டரு. பாருங்க, கம்பிக்காரன் கூட சொல்லிட்டான், அடுத்தவன் கொறச்சு சொல்லிட்டான், மூணாவது ஆளு நடுவுல நிக்கிறான். ஆனாலும் பியானோ கம்பியில அம்புட்டு ஆழத்துக்கு 47 அடிதான் பெசகுன்னா அவன் கைய கண்ணுல ஒத்திக்கலாம்.

கம்பி ஏன் கூட காட்டுதுன்னா, படகு நகரும், கயிறு சாஞ்சு போவும், வில்லு மாதிரி வளையும், நேர்க்கோட்டவிட சாஞ்ச கோடு நீளம். இங்கதான் குளிர் ஊருக்காரனுக்கு ஒரு சவுரியம். பைக்கால்ல டிபோவ்ஸ்கின்னு போலந்து ஆளு, ரசியாவுக்கு எதிரா நடந்த 1863 கிளர்ச்சியில புடிச்சு சைபீரியாவுக்கு நாடு கடத்துனவரு, ஐஸு மேல நின்னு தொள போட்டுக் கயிறு விட்டு ஏரியோட தெக்குப் பக்கத்த அளந்துருக்காரு. ஐஸு அசையாது. கயிறு நேரா எறங்கும். கைதான் வெறச்சுப் போவும், கிம்லியில எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

கருவி வந்தா மட்டும் சண்ட தீந்துச்சா? 2008ல ரெண்டு நீர்மூழ்கிய பைக்கால்ல எறக்குனாங்க, மீர்னு பேரு. 1,680 மீட்டரு போயிட்டோம், உலக சாதனைன்னு அறிவிச்சாங்க. ஏரியே 1,642தான்! கொஞ்ச நேரத்துல அவங்களே வந்து இல்ல இல்ல 1,580ன்னு மாத்திக்கிட்டாங்க. நான் இங்க நாலு தடவ மாத்துனதுக்கு என்ன கிண்டல் பண்ணவங்க இத படிக்கவும்.

13.2.2024
ஸ்காட்லாந்து பாக்கி. அங்க 1897லேர்ந்து 1909 வரைக்கும் 562 ஏரிய ஒண்ணு விடாம கம்பி விட்டு அளந்துருக்காங்க, ஜான் முரேன்னு ஒருத்தரும் புல்லர்னு ஒரு குடும்பமும். லாக் மோரார் 310 மீட்டரு, லாக் நெஸ்ஸவிட ஆழம், ஆனா நெஸ்ஸுக்கு இருக்குற மாதிரி பேரு போன பூதக் கத அதுக்கு இல்லாததால நெறய பேருக்குத் தெரியாது. அந்த வேலைய முரேயோட சேந்து ஆரம்பிச்சது பிரெட் புல்லர்னு சின்ன வயசு ஆளு. 1901ல ஒரு சின்ன ஏரியில ஐஸு ஒடஞ்சு ஆளுங்க உள்ள விழுந்துட்டாங்க, காப்பாத்தக் குதிச்சவரு திரும்பி வரல. அவங்கப்பா லாரன்ஸ் புல்லர்தான் காசு போட்டு மிச்ச ஏரியையும் அளந்து முடிக்க வச்சாரு.

இத படிச்சதுலேர்ந்து எங்க குட்டையில முங்குன பையன் ஞாபகமாவே இருக்கு. அவன் பேரு கூட எனக்குத் தெரியாது.

20.2.2024
"அண்ணே, கெனிர்ல ஆழத்துல மீனு இருக்குமா? பைக்கால்ல அடி வரைக்கும் மீனு இருக்காமே?"

நல்ல கேள்வி. 145, 1,642ங்கிற நம்பருக்குள்ள இது வராது. குளிர் ஊரு ஏரி வருசத்துக்கு ரெண்டு தடவ பொரளும். எளவேனில்ல ஒண்ணு, எல உதிர்ற காலத்துல ஒண்ணு. மேல தண்ணி 4 டிகிரிக்கு வந்ததும் கனத்து கீழ எறங்குது, கீழ இருக்குறது மேல வருது, கூடவே காத்தும் எறங்குது. பைக்கால் மாதிரி படுகெடங்குல அழுத்தத்தால கணக்கு கொஞ்சம் வேற, ஆனாலும் அடி வரைக்கும் பிராணவாயு போவுது. அங்க கோலோம்யாங்கான்னு ஒரு மீனு, கண்ணாடி மாதிரி ஒடம்பு, மூணுல ஒரு பங்குக்கு மேல எண்ணெய், முட்ட போடாம குட்டி போடும்.

நம்ம ஊருல வருசம் பூரா மேல சூடு, கீழ கொஞ்சம் குளுரு, பொரளுறதுக்கு வேளையே வராது. மேல கொஞ்ச ஆழம்தான் உசிரு, அதுக்குக் கீழ முங்குன காடு அழுவிக்கிட்டு காத்தெல்லாம் தின்னுடுது. தெமெங்கோர்ல ஆழத்துல விட்ட குண்ட இழுத்தா அழுவுன முட்ட வாட அடிக்கும், மச்சான் மூக்கப் பொத்திக்குவான். ஆக 124 மீட்டர்னு பேரு, மீனு குடியிருக்குறது மாடி வீட்டுல மேல் மாடி மட்டும்.

ஈயக் குட்டையிலயும் அப்படித்தான். நீச்ச அடிக்கிறப்ப மேல வெதுவெதுன்னு இருக்கும், காலத் தொங்கப் போட்டா முட்டிக்குக் கீழ ஜில்லுன்னு ஒரு கோடு இருக்கும், கத்தியால கீறுன மாதிரி. அங்கதான் பேய் காலப் புடிக்குதுன்னு சொல்வோம்.

2.3.2024
சும்மா ஒரு தமாசு. நம்ம நாட்டுக் குளிர் ஊரு எது? கேமரன் மலை. அங்க ரிங்லெட்ல 1963ல கட்டுன நீர்த்தேக்கம் இருக்கு. ஆழம் எம்புட்டுன்னு கேட்டா, எந்த வருசத்து ஆழம்னு திருப்பிக் கேக்கணும். மேல காய்கறித் தோட்டம் போட்ட மண்ணெல்லாம் மழையில வந்து எறங்கி எறங்கி சேறு ஏறிப்போச்சு, வாரிக்கிட்டே இருக்காங்க. பைக்கால் அடியிலயும் சேறு இருக்கு, ஏழு கிலோமீட்டர் கனத்துக்கு! ரெண்டு கோடியே அம்பது லட்சம் வருசமா விழுது, ஆனாலும் நெறயல, ஏன்னா கீழ பூமி பொளந்துக்கிட்டே போவுது, பள்ளம் எறங்கிக்கிட்டே இருக்கு. ரிங்லெட்டுக்கு அந்தக் குடுப்பின இல்ல.

9.3.2024
பண்ணிட்டேன். மச்சானோட பொட்டியையும் காத்தடிச்ச ரப்பர் படகையும் எடுத்துக்கிட்டு பழைய எஸ்டேட்டுக்குப் போனேன். லயம் இல்ல, பால் மரம் இல்ல, எல்லாம் செம்பனை, ஒரு பக்கம் தாமான் (புது வீட்டுக் குடியிருப்பு) வரப் போவுதுன்னு தகரம் அடிச்சிருக்கு. குட்டை மட்டும் இருக்கு, பாதி. ஒரு கரையில லாரி மண்ணு கொட்டிக்கிட்டே இருக்கு. ஜாகா (காவக்காரன்) ஒரு நேப்பாளிப் பையன், மீனுக்குன்னு நெனச்சு விட்டுட்டான்.

நடுவுல பொட்டி காட்டுனது 12.6 மீட்டரு. மூணு தடவ சுத்தி வந்தேன், அதுக்கு மேல ஏறல.

பதினாறரைன்னு நாப்பத்தஞ்சு வருசமா சொல்லிட்டுத் திரிஞ்சுருக்கேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா பெசகு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பாகம்னா பெரிய ஆளு ரெண்டு கையும் விரிச்சா ஆறடி. பன்னண்டு வயசுப் பயலுக்கு ஏது ஆறடி? பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதே வயசு, கூப்ட்டு செவுத்துல நிக்க வச்சு அளந்தேன், நாலே முக்கால் அடி. ஒம்போது பாகம் நாப்பத்து மூணு அடி, 13 மீட்டரு. பொட்டி 12.6, தங்சி 13! அந்த டட்டனுக்கு நான் ஒண்ணும் கொறஞ்சவன் இல்ல.

10.3.2024
அண்ணன் ஜொகூர்லேர்ந்து போன் போட்டாரு. எல்லாத்தையும் படிச்சுட்டாராம். "டேய், பயந்து தெப்பத்தப் புடிச்சுக்கிட்டு குப்புறப் படுத்துக் கெடந்தவன் நீ. தங்சி விட்டது நான். பாகம் போட்டு அளந்ததும் நான்."

அவருக்கு அப்ப பதினஞ்சு வயசு. அஞ்சரை அடி கை இருக்கும். ஒம்போது பாகம்னா நாப்பத்தொம்போதரை அடி, 15 மீட்டரு. அப்ப ரெண்டரை மீட்டரு எங்க போச்சு, தங்சி சாஞ்சுதா, லாரி கொட்டுன மண்ணா, இல்ல குட்டையே அப்பலேர்ந்து ஏறிக்கிட்டு வருதான்னு அவரும் நானும் முக்கா மணி நேரம் பேசுனோம். அடுத்த லீவுக்கு வர்றாராம், வரும்போது தங்சி வாங்கிட்டு வர்றேன், பொட்டிய நம்பாதேங்கிறாரு. நட்டு எங்கிட்ட கடையில இருக்கு.